மைனஸ் 26 டிகிரி யாருடையது? குளிர் ஸ்பிரேயும் தோலின் வெப்பநிலையும்

என் அக்கா மகளுக்குப் பிறவியிலிருந்தே இடது கன்னத்தில் ஒரு சிவப்பு மச்சம். லேசர் சிகிச்சைக்காக அழைத்துப் போயிருந்தோம். காத்திருந்தபோது கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். “மைனஸ் 26 டிகிரி குளிர்விப்பு வசதியுடன்” என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. “மைனஸ் 26 என்றால் பிள்ளையின் கன்னம் உறைந்துபோகாதா, தம்பி?” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் வேறு விதமாகக் கவலைப்பட்டார். “இன்னோர் இடத்தில் மைனஸ் 30 வைத்திருக்கிறார்களாம். அங்கேயே போயிருக்கலாமோ?”

ஒருவருக்குக் குளிர் அதிகமோ என்று பயம், இன்னொருவருக்குக் குளிர் போதாதோ என்று பயம். இரண்டு பயங்களும் ஒரே தவறிலிருந்து முளைத்தவை. அந்த மைனஸ் 26 என்பது தெளிக்கப்படும் திரவத்தின் எண். தோல் எத்தனை டிகிரிக்குப் போகும் என்பதை அந்த எண் மட்டும் சொல்லிவிடாது. அதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், அப்படி அளப்பதும் எளிதான காரியம் இல்லை. பலரும் போகிற போக்கில் பேசிவிடும் விஷயம் இது. என் வீட்டிலேயே இது ஒரு பயமாக வந்து நின்றதால், அடியிலிருந்து விளக்கிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. மருத்துவத்தில் குளிர் ஸ்பிரேக்கு மூன்று வேலைகள் உண்டு. விளையாட்டு மைதானத்தில் அடிபட்ட காலில் அடிக்கும் ஸ்பிரே வலியை மரத்துப்போகச் செய்வதற்கு. அதற்குப் பயன்படும் எத்தில் குளோரைடு சுமார் 12 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். மருவை அழிக்கத் தெளிக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அங்கே திசுவைச் சாகடிப்பதே நோக்கம். லேசரோடு சேர்ந்து வரும் ஸ்பிரேயின் வேலையோ தோலைக் காப்பாற்றுவது. இந்தக் கட்டுரை இந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

ஊசிக்கு முன் தடவும் பஞ்சு

ஊசி போடுமுன் செவிலியர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கையைத் துடைக்கிறார். சில்லென்று இருக்கிறது. அந்த ஸ்பிரிட் பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது கிடையாது, மேசை மேல்தான் இருந்தது. அப்படியானால் குளிர் எங்கிருந்து வந்தது?

திரவம் ஆவியாக மாற வேண்டுமானால் அதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து, அதாவது நம் தோலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் திரவம் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சுகமாக இருப்பதும் இதனால்தான்.

லேசர் அறையில் பயன்படும் திரவத்தின் பெயர் டெட்ராஃபுளோரோ ஈத்தேன். ஆர்-134ஏ என்ற வணிகப் பெயரை ஏசி மெக்கானிக்குகள் எல்லாரும் அறிவார்கள். பல கார்களின் ஏசியிலும் பழைய வீட்டு ஃபிரிட்ஜுகள் பலவற்றிலும் ஓடுவது இதுவே. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலர்கள் பலவற்றில் மருந்தைத் தள்ளிவிடும் வாயுவும் இதுவே. உறிஞ்சும்போது தொண்டையில் சில்லென்று படுவதை அதைப் பயன்படுத்துபவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

சாதாரணக் காற்றழுத்தத்தில் இது சுமார் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். பிரசுரத்தில் இருந்த எண் இந்தக் கொதிநிலைதான். கலனுக்குள் இருக்கும்போது அது மைனஸ் 26 டிகிரியில் இருப்பதில்லை. காற்றழுத்தத்தைப் போல ஆறு ஏழு மடங்கு அழுத்தத்தில் அடைபட்டு, அறையின் வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கிறது. வால்வு திறந்து வெளியே பாய்ந்ததும் அழுத்தம் விழுகிறது, திரவம் பொங்கிச் சிதறுகிறது, துளிகள் பறக்கும்போதே ஆவியாகித் தங்களைத் தாங்களே குளிர்வித்துக்கொள்கின்றன. தோலுக்கு வந்து சேரும்போது அவை மைனஸ் 26-க்கும் கீழேகூடப் போயிருக்கும். ஆக, பிரசுரத்து எண் துளியின் வெப்பநிலையைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கிராம் தண்ணீர் நம் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் எடுக்கும். ஒரு கிராம் ஆர்-134ஏ எடுப்பது சுமார் 217 ஜூல்தான். கிராமுக்குக் கிராம் பார்த்தால் தண்ணீர் பத்து மடங்கு கெட்டிக்காரன். ஆனால் தண்ணீர் காய நிமிடங்கள் ஆகும், ஆர்-134ஏ நொடிக்குள் பறந்துவிடும். வேகம் என்ற சொல்லை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அதுதான் கூட வரப்போகிறது.

லேசர் அடிக்கும் இடத்தில் குளிர் எதற்கு?

அக்கா மகளின் கன்னத்தில் இருப்பதை மருத்துவர்கள் போர்ட் ஒயின் மச்சம் என்கிறார்கள். பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு இது இருக்கும். தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்திருப்பதால் வரும் நிறம் அது. இந்தக் குழாய்களை மட்டும் சூடாக்கி மூடச் செய்து, மற்றதைத் தொடாமல் விட வேண்டும். அதற்கான கொள்கையை 1983-இல் அமெரிக்க மருத்துவர்களான ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வெளியிட்டார்கள். ரத்தம் நன்றாக உறிஞ்சும் நிறத்தில், மிகக் குறுகிய நேரம் ஒளியைப் பாய்ச்சினால், சுற்றுப்புறத்துக்கு வெப்பம் பரவுவதற்குள் ரத்தக் குழாய் மட்டும் சூடாகிவிடும் என்பதே அது. 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி இதற்குப் பயன்படுகிறது.

ஒரு சிக்கல். ரத்தக் குழாய்க்குப் போகும் வழியில் ஒளி மேல்தோலைத் தாண்ட வேண்டும். மேல்தோல் என்பது நம் தோலின் வெளி அடுக்கு. கன்னத்தில் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் அங்கேதான் இருக்கிறது. அது லேசர் ஒளியை வழிமறித்து உறிஞ்சிக்கொள்கிறது. தோல் எவ்வளவு கறுப்போ அவ்வளவு அதிகமாக உறிஞ்சும். நம் ஊர்த் தோலுக்கு லேசர் வைப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியது இதனால்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். மேல்தோல் 33 டிகிரியில் இருக்கிறது. லேசர் துடிப்பு அதை 40 டிகிரி உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 73 டிகிரிக்குப் போகும், கொப்புளம் நிச்சயம். அதே மேல்தோலை முன்கூட்டியே 5 டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தால், அதே லேசர் அடித்தும் 45 டிகிரியில் நின்றுவிடும். ஆழத்தில் இருக்கும் ரத்தக் குழாயோ குளிராமல் 33 டிகிரிக்கு மேலேயே இருந்து, முழுச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும்.

கலிபோர்னியாவின் அர்வைன் நகரில், பெக்மன் லேசர் நிலையத்தில் ஜே. ஸ்டூவர்ட் நெல்சனும் அவருடைய சகாக்களும் 1990-களின் நடுவில் இந்த உத்தியைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் சில பத்து மில்லிவிநாடிகள் ஸ்பிரே, அதன்பின் ஒரு சிறு இடைவெளி, உடனே லேசர். மில்லிவிநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஒருமுறை கண் சிமிட்டவே 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஸ்பிரே ஆவியாவதால் குளிர்விக்கிறது, குளிர வேண்டியது மேல்தோல் மட்டும், அதற்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய் குளிரக் கூடாது.

மொட்டை மாடி சொல்லும் பாடம்

மேல் அடுக்கு மட்டும் குளிர்ந்து, அடியில் இருப்பது குளிராமல் இருக்க முடியுமா? முடியும். மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வெயில் உச்சி வேளையில் கொளுத்துகிறது, ஆனால் அறையின் கூரை அனலாகக் கொதிப்பது மாலையிலும் இரவிலும்தான். கான்கிரீட் தளத்தின் மேல்முகத்தில் விழுந்த வெப்பம் அடிமுகத்துக்கு வந்து சேர அத்தனை மணி நேரம் பிடிக்கிறது.

தோலிலும் அதே கதை, அளவுதான் சிறியது. குளிர் ஓர் ஆழத்துக்கு இறங்க எடுக்கும் நேரம் அந்த ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, ஆழம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மைக்ரான் ஆழத்துக்குக் குளிர் இறங்க இருபது இருபத்தைந்து மில்லிவிநாடி போதும். 300 மைக்ரானுக்கு ஏறத்தாழ 200 மில்லிவிநாடி வேண்டும். மச்சத்தின் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இந்த ஆழத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. 50 மில்லிவிநாடி தெளித்து உடனே லேசரை அடித்தால், மேல்தோல் குளிர்ந்திருக்கும், ரத்தக் குழாய்க்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது.

எல்லாம் அந்த நேர இடைவெளிக்குள் நடந்து முடிய வேண்டும். மெதுவாகக் குளிர்விக்கும் முறை எதுவானாலும், மேல்தோல் போதிய அளவு குளிர்வதற்குள் ரத்தக் குழாயும் சேர்ந்து குளிர்ந்துவிடும். ஆகவே ஸ்பிரேயைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, “நீ எத்தனை டிகிரி?” என்பதில்லை. “விநாடிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியே இழுக்கிறாய்?” என்பதே.

ஏசி அறையும் மார்கழிக் குளியலும்

ஏசியை 20 டிகிரியில் வைத்துவிட்டு நாள் முழுவதும் வேலை பார்க்கிறோம். அதே 20 டிகிரித் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி நின்றால் ஐந்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். வெப்பநிலை ஒன்றே. தண்ணீர் வெப்பத்தை இழுக்கும் வேகம் வேறு.

இந்த வேகத்துக்கு இரண்டு பெயர்கள் தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக ஒரு விநாடியில் கடந்துபோகும் வெப்பத்தின் அளவு வெப்பப் பாயம். தோலுக்கும் குளிர்விக்கும் பொருளுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு வெப்பப் பாயம் கிடைக்கிறது என்பது வெப்ப மாற்றக் கெழு. இனி இதைக் கெழு என்றே சொல்கிறேன். ஒரு குளிர் ஸ்பிரே எவ்வளவு திறமையானது என்று கேட்டால், ஆய்வாளர்கள் தேடுவது இந்தக் கெழுவைத்தான்.

கெழு மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் எளிய வெப்பக் கடத்தல் சூத்திரம்தான். தோல் 33 டிகிரி, திரவம் மைனஸ் 26 டிகிரி, தெளிக்கும் நேரம் 50 மில்லிவிநாடி. மூன்றையும் மாற்றவில்லை. கெழு 2,000 என்றால் தோலின் மேற்பரப்பு சுமார் 16 டிகிரிக்கு இறங்குகிறது. 5,000 என்றால் 2 டிகிரி அளவுக்கு. 10,000 என்றால் மைனஸ் 8-க்கு. ஒரே திரவம், ஒரே நேரம். ஒரு முனையில் லேசர் சுட்டுவிடும் அபாயம், மறுமுனையில் குளிரே காயப்படுத்தும் அபாயம். நிறமியை உண்டாக்கும் செல்கள் மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரி வரையிலான குளிரிலேயே பாதிக்கப்படக்கூடியவை. அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் இருந்தன என்பதையும் பொறுத்தது அது.

நடுவில் உள்ள 5,000-ஐ வைத்துக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், 100 மைக்ரான் ஆழத்தில் வெப்பநிலை சுமார் 8 டிகிரி குறைகிறது. 300 மைக்ரானில் அரை டிகிரிகூடக் குறைவதில்லை. மொட்டை மாடிப் பாடம் எண்ணாகவே வந்து நிற்கிறது.

இப்போது காத்திருப்பறையில் அந்த அம்மா சொன்ன மைனஸ் 30-க்கு வருவோம். தோல் மீது குளிர்காற்றை ஊதும் கருவிகள் உண்டு. அவர் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். ஊதும் காற்றின் கெழுவை 100 அல்லது 200 என்று எடுத்துக்கொண்டால், மைனஸ் 30 டிகிரிக் காற்று 50 மில்லிவிநாடியில் தோலைக் குளிர்விப்பது ஓரிரு டிகிரி மட்டுமே. நான்கு டிகிரி அதிகக் குளிரான காற்று, இந்தக் குறுகிய நேரத்தில் ஸ்பிரேயின் பக்கத்தில்கூட வர முடியாது. குளிர்காற்றுக்கும் பயன் உண்டு. பல விநாடிகள் ஊதி வலியையும் வீக்கத்தையும் குறைக்க அது நல்ல கருவி. ஆனால் செய்யும் வேலை வேறு.

தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்

கெழு என்பது திரவத்தின் மேல் ஒட்டி வைத்த முத்திரை எண் என்று நினைத்துவிடக் கூடாது. அது நொடிக்கு நொடி மாறும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோம். கல் மிதமான சூட்டில் இருந்தால் தண்ணீர் சுர்ரென்று பொங்கி உடனே காய்ந்துவிடும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் முத்து முத்தாக உருண்டோடும், சீக்கிரம் காயாது. துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப் படலம் ஒன்று மெத்தைபோல் விரிந்து வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. 1756-இல் இதை எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்டின் பெயரால் இதை அழைக்கிறார்கள்.

மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவத்துக்கு நம் 33 டிகிரித் தோல் என்பது, 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்கு 159 டிகிரித் தோசைக்கல் எப்படியோ அப்படி. ஸ்பிரேயின் கண்ணில் நம் தோல் ஒரு காய்ந்த கல். துளி எப்படி விழுகிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக மோதுகிறது, ஆவியைக் கிழித்துக்கொண்டு தோலைத் தொடுகிறதா என்பதெல்லாம் கெழுவை மாற்றும். துளிகள் குவிந்து தோல்மேல் திரவப் படலம் தடித்துவிட்டால், புதிதாக வரும் துளி தோலைத் தொடாமல் படலத்தின் மேலேயே ஆவியாகிப் போகும். அடியில் இருக்கும் தோலுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. ஸ்பிரே முனையைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் வழியிலேயே அதிகம் ஆவியாகிவிடும். வந்து சேர்பவை அதிகக் குளிராக, ஆனால் சிறியதாகவும் மெதுவாகவும் இருக்கும். குளிரான துளி, ஆனால் மந்தமான குளிர்விப்பு. இது எனக்கே முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

இன்னும் ஒன்று: வால்வு மூடியதும் குளிர்விப்பு நிற்பதில்லை. தோலில் தங்கிய திரவம் முழுவதும் ஆவியாகும்வரை அது தொடரும். 50 மில்லிவிநாடி தெளித்தால் 50 மில்லிவிநாடிதான் குளிரும் என்று கணக்கிட்டால் தவறிவிடும்.

சரி, எப்படி அளக்கிறார்கள்?

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். சமையலுக்கு வைத்திருக்கும் ஊசிமுனை டிஜிட்டல் வெப்பமானியைப் புறங்கையில் வைத்து, மேலே இரண்டு சொட்டுக் கைச் சுத்திகரிப்பு திரவம் விட்டேன். எண் இறங்கியது. முனையை விரலால் மெல்ல அழுத்தினேன், எண் ஏறியது. கையை எடுத்தேன், மறுபடி இறங்கியது. தோல் மாறவில்லை, திரவம் மாறவில்லை; முனை தோலோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் மாறியது. அப்படியானால் நான் அளந்தது தோலையா, முனையை நனைத்த திரவத்தையா? இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை. எண் நிலைப்பதற்குப் பல விநாடிகள் வேறு ஆயின. 50 மில்லிவிநாடியில் முடிந்துவிடும் நிகழ்ச்சியை இந்த வெப்பமானி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஆய்வுக்கூடத்திலும் இதே இரண்டு தொல்லைகள்தான். அங்கே முதல் கருவி தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்தால், அந்தச் சந்திப்பின் வெப்பநிலைக்கு ஏற்ப ஒரு சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1821-இல் சீபெக் கண்டறிந்த விளைவு. கம்பியைத் தலைமுடியைவிட மெல்லியதாக எடுத்தால் சில மில்லிவிநாடிகளிலேயே பதில் சொல்லிவிடும். வேகத் தொல்லை தீர்ந்தது. ஆனால் அதைத் தோல்மேல் வைத்துத் தெளித்தால், என் வெப்பமானிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். நாலாபுறமும் திரவம் சூழ்ந்துகொள்ள, அது திரவத்தின் வெப்பநிலையையே பெரும்பாலும் காட்டும். அதைத் தோலின் வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டால், ஸ்பிரே உண்மையில் செய்வதைவிட மிக அதிகமாகக் குளிர்விக்கிறது என்று ஏமாந்துபோவோம். துண்டுப் பிரசுரத்தில் நடந்த அதே பிழை, கருவியின் வழியாக வருகிறது.

இதைத் தவிர்க்க, ஆய்வாளர்கள் தோலுக்குப் பதில் ஒரு மாதிரியைச் செய்துகொள்கிறார்கள். வெப்பம் பரவும் விதத்தில் தோலை ஓரளவு ஒத்திருக்கும் எப்பாக்சி பிசினைக் கட்டியாக வார்த்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, அளந்து குறித்த ஆழத்தில் தெர்மோகப்பிளைப் புதைத்துவிடுவார்கள். திரவம் அதைத் தொடாது. மேலே ஸ்பிரே அடிக்கும்போது உள்ளே வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று பதிவாகும். பிறகு தலைகீழ்க் கணக்கு: உள்ளே இப்படி இறங்கியிருக்க வேண்டுமானால், மேலே ஒவ்வொரு மில்லிவிநாடியிலும் எவ்வளவு வெப்பம் வெளியேறியிருக்க வேண்டும்? பக்கத்து அறையில் விழுந்தது என்ன பாத்திரம் என்று சத்தத்தை வைத்து ஊகிப்பது போன்றது இது. சுவர் தடிமனாக இருந்தால் ஊகம் பிசகும். தெர்மோகப்பிள் இருக்கும் ஆழம் பத்து மைக்ரான் தவறினாலும் விடை கணிசமாக மாறிவிடும்.

இரண்டாவது வழி ஒரு மெல்லிய வெள்ளித் தகடு. வெள்ளி வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவதால், தகடு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், குழாயில் எவ்வளவு போகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோலத் தகட்டின் வெப்பநிலை இறங்கும் வேகத்தை அதன் எடையோடும் தன்வெப்பக் கொள்ளளவோடும் (ஒரு கிராமை ஒரு டிகிரி மாற்றத் தேவையான வெப்பம்) பெருக்கி, ஸ்பிரே படும் பரப்பால் வகுத்தால் வெப்பப் பாயம் கிடைத்துவிடும். தலைகீழ்க் கணக்கே வேண்டாம். எளிமையும் நம்பகமும் உள்ள இந்த வழி எனக்குப் பிடித்தமானது. ஆனால் வெள்ளி தோல் ஆகாது. தோலின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்துவிடும், உள்ளிருந்து வெப்பம் மெதுவாகத்தான் வந்து நிரப்பும். தகட்டில் அப்படி இல்லை. முழுத் தகடும் சேர்ந்து இறங்குகிறது. மேற்பரப்பின் வெப்பநிலை வேறாக இருந்தால், தோசைக்கல் விஷயத்தில் பார்த்தபடி, திரவம் கொதிக்கும் விதமும் வேறாகும், கெழுவும் வேறாகும். உலோகத்தில் அளந்த எண்ணை அப்படியே கன்னத்துக்குப் பொருத்த முடியாது.

தொடாமலே அளக்கும் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறதே என்று தோன்றலாம். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பொருள்கள் தம் சூட்டுக்கேற்ப வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை அது பார்க்கிறது. தொடாததால் ஒட்டும் தொல்லை இல்லை, பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் நமக்கு வேண்டிய அந்த நேரத்தில் தோல்மேல் திரவப் படலமும் உறைபனியும் கிடக்கும். தோலிலிருந்து வரும் கதிரை அவை மறைத்துத் தங்கள் கதிரைக் கலந்துவிடும். படலம் காய்ந்த பிறகே கேமராவின் பேச்சை முழுமையாக நம்பலாம்.

ஆக, ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒன்றை அளக்கிறது. அது தோலா, திரவமா, பிசினா, வெள்ளியா என்று கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வுக்கட்டுரைகளில் ஒரே வகை ஸ்பிரேக்குச் சில ஆயிரத்திலிருந்து பல ஆயிரம்வரை வெவ்வேறு கெழுக்கள் காணக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அறையின் ஈரமும் கணக்கில் வரும்

ஐஸ் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து நீராகிறது. ஸ்பிரே பட்ட தோல் அதைவிடக் குளிர்ச்சியானது என்பதால், படியும் நீர் உறைந்து வெண்பனியாகவே மாறிவிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சில் பார்த்ததைத் திருப்பிப் போடுங்கள்: ஆவியாக வெப்பம் எடுக்கும் என்றால், ஆவி திரவமாகும்போதும் திரவம் உறையும்போதும் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வெப்பம் நாம் குளிர்விக்க முயலும் அதே இடத்தில் போய் விழுகிறது. அர்வைன் ஆய்வாளர்கள் 2001-இல் காற்றின் ஈரப்பதத்தையும் வெண்பனியையும் தனியாகவே எடுத்து ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் உலர்ந்த அறையில் கிடைத்த அளவு, சென்னையின் ஐப்பசிப் புழுக்கத்தில் ஏசி சரியாக ஓடாத அறையில் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று

கெழு நேரத்துக்கு நேரம் மாறுவது போலவே இடத்துக்கு இடமும் மாறும். தோட்டத்துக் குழாயைத் தரையில் பாய்ச்சினால் நடுவில் வேகமாக அடிக்கும், ஓரத்தில் வெறுமனே வழிந்தோடும். ஸ்பிரேயும் அப்படித்தான். நடுவில் அளந்த எண் ஓரத்துக்குப் பொருந்தாது. கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்தால் ஸ்பிரே விழும் வட்டமும் லேசர் விழும் வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் விலகும். ஒரு பக்கத்தில் குளிர் கிடைக்காத தோலில் லேசர் விழும். மறுபக்கத்தில் லேசர் இல்லாத இடத்தில் குளிர் மட்டும் தேங்கும். லேசர் முடி நீக்கத்துக்குப் பிறகு சிலருக்குப் பிறை வடிவத்தில் கருமை படிவதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. பிறை என்ற அந்த வடிவமே என்ன நடந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அன்று உள்ளே அழைத்ததும் அக்கா அந்தப் பிரசுரத்தை மருத்துவரிடம் நீட்டி, மைனஸ் 26 என்றால் பயமாக இருக்கிறது என்றாள். நான் இன்னொன்றைக் கேட்டேன்: எத்தனை மில்லிவிநாடி தெளிப்பீர்கள், லேசருக்கு முன் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்? “30 தெளிப்பு, 20 இடைவெளி. அதற்கு முன் காதோரத்தில் ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்து, சில வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன்” என்றார். பிறகு அக்காவின் கையை நீட்டச் சொன்னார். லேசர் இல்லாமல், ஸ்பிரே மட்டும். புஸ் என்று ஒரு சத்தம். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக வெள்ளை வட்டம் ஒன்று தோன்றியது, நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்து மறைந்தது. அக்கா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் ஈரம் இருந்தது. மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.